பதிவேடுகளும் குழந்தைகள் நலமும்

தென்காசி வட்டாரத்தில் வாழ்பவர்களுக்கு மழையைப் பற்றிய ஓர் உண்மை இளமையிலேயே தெரிந்துவிடும். ஊரில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். தலைக்கு மேலே வானம் தெளிவாக இருக்கும். ஆயினும் குற்றாலத்து அருவியில் திடீரென்று வெள்ளம் பெருகும். மழை பெய்தது அருவிக்கரையில் அன்று. கண்ணுக்கு எட்டாத மலைக்காட்டில். 2024ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் பழைய குற்றால அருவியில் அவ்வாறு பாய்ந்து வந்த வெள்ளம் ஓர் இளம் உயிரைக் கொண்டு போயிற்று. மலைமேல் பெய்யும் மழையைக் கருவிகளால் அறிந்து, கீழே நிற்பவர்களை முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும் என்ற பேச்சு அதன்பின் வலுவாக எழுந்தது.

செய்தி ஓரிடத்தில் இருக்கிறது. ஆபத்து வேறோரிடத்தில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் வழி இல்லை. அந்தத் துயரத்தின் சுருக்கம் இதுவே. குழந்தைகளின் நலத்திலும் இதே நிலையைப் பல நேரங்களில் காண்கிறோம். ஒரு குழந்தை மெலிந்து வருவது ஒரு துறைக்குத் தெரியும். அதற்கு மருந்து தரும் பொறுப்போ மற்றொரு துறையினுடையது. அது பள்ளிக்கு வருகிறதா என்று பார்க்கும் பொறுப்பு மூன்றாவது துறையினுடையது. இத்துறைகள் தம்மிடம் உள்ள செய்திகளைத் தமக்குள் பகிர்ந்துகொள்வது எவ்வாறு, அதனால் விளையும் நன்மை யாது, அதில் மறைந்து கிடக்கும் தீங்கு யாது என்பவற்றை இங்கே காண்போம்.

நம் நாட்டில் ஒரு குழந்தை பிறப்பதற்கு முன்பே அரசாங்க ஏட்டில் இடம்பெற்று விடுகிறது. தாய் கருவுற்றிருப்பதைக் கிராம சுகாதாரச் செவிலியர் பதிவு செய்கிறார். பிரசவம் மருத்துவமனை ஏட்டில் ஏறுகிறது. பிறப்பை, 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, 21 நாட்களுக்குள் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். பிறகு தடுப்பூசிக்கு ஓர் ஏடு. அங்கன்வாடியில், அதாவது ஊரார் பேச்சில் பால்வாடியில், எடைக்கும் உணவுக்கும் ஓர் ஏடு. குடும்ப அட்டையில் ஒரு பெயர். பள்ளியில் சேர்ந்தால் சேர்க்கைப் பதிவேடு. கடையம், ஆலங்குளம், கீழப்பாவூர்ப் பக்கங்களில் உள்ள பல தாய்மார்களைப் போல அக்குழந்தையின் தாயும் வீட்டில் பீடி சுற்றுபவராக இருந்தால், தொழிலாளர் நலனுக்கென்று அவர் பெயரில் தனியே ஓர் அட்டை.

இத்தனை ஏடுகளிலும் இருப்பது ஒரே குழந்தைதான். ஆனால் ஒரு காலத்தில் ஓர் ஏடு மற்றோர் ஏட்டை அறிந்ததில்லை. சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டிலேயே பிறப்பு இறப்புப் பதிவுக்கென்று ஒரு சட்டம் இயற்றப்பட்டது. எத்தனை பேர் பிறந்தனர், எத்தனை பேர் இறந்தனர் என்ற கணக்கை அறிவதற்கே அத்தகைய ஏடுகள் பெரிதும் பயன்பட்டன. நாட்டின் கணக்கு நாட்டுக்கு வேண்டியதே. ஆயினும் கணக்கு வேறு, கவனிப்பு வேறு. ஆயிரம் குழந்தைகளில் இத்தனை பேர் இறந்தனர் என்று ஆண்டு முடிந்தபின் சொல்வது கணக்கு. இந்தத் தெருவில் இந்த வீட்டுக் குழந்தைக்கு இந்த வாரம் உதவி வேண்டும் என்று சொல்வது கவனிப்பு.

இங்கே மாணவர்கள் நன்கு மனத்திற்கொள்ள வேண்டிய ஒரு கருத்து உண்டு. எந்த ஏடும் தன்னிடம் வந்தவரை மட்டுமே அறியும், வராதவரை அறியாது. ஓர் ஊரின் தடுப்பூசி ஏட்டில் 97 குழந்தைகளின் பெயர்கள் இருக்கின்றன என்று கொள்வோம். அந்த ஏட்டை எத்தனை முறை புரட்டினாலும் 98ஆவது பெயர் கிடைக்காது. ஏட்டை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் செவ்வனே நடைபெறுவதாகவே தோன்றும். பிறப்புப் பதிவேட்டைக் கொண்டுவந்து அதன் அருகில் வைத்தால்தான், ஊரில் பிறந்த குழந்தைகள் 100 என்பதும், மூன்று குழந்தைகள் விடுபட்டன என்பதும், அவை எந்தத் தெருவில் உள்ளன என்பதும் விளங்கும். ஓர் ஏட்டில் இருந்து மற்றோர் ஏட்டில் இல்லாத பெயரே நாம் தேட வேண்டிய பெயர். துறைகள் தம் செய்திகளைப் பகிர்ந்துகொள்வதன் உயிர்நிலை இதுதான்.

இந்த எளிய உண்மையைத் தமிழ்நாடு எவ்வாறு கையாண்டது என்று பார்ப்போம். நம் சமூகத்தில் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்வது வழக்கம். கடையநல்லூரில் வாழ்க்கைப்பட்ட பெண் சங்கரன்கோவிலில் உள்ள தாய்வீட்டுக்குச் சென்று, அங்குள்ள மருத்துவமனையில் பிள்ளை பெறுகிறாள். மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துக் கடையநல்லூருக்குத் திரும்புகிறாள். கடையநல்லூர்ச் செவிலியர் அவளைக் கர்ப்பிணியாக அறிவார்; குழந்தையை அறியார். சங்கரன்கோவில் செவிலியர் குழந்தையை அறிவார். அது எப்போது ஊர் திரும்பியது என்பதை அறியார். ஆறாம் வாரத்திலும் பத்தாம் வாரத்திலும் பதினான்காம் வாரத்திலும் போட வேண்டிய தடுப்பூசிகள், இந்தப் போக்குவரவுக்கு நடுவில்தான் தவறிப்போகும். யாரும் அலட்சியம் செய்ததாகச் சொல்ல முடியாது. இரு ஏடுகளுக்கும் இடையே குழந்தை நழுவிவிட்டது, அவ்வளவே.

இந்தக் குறையைப் போக்க, 2008ஆம் ஆண்டளவில் தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறை, கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் கணினி வழியே தொடர்ந்து கண்காணிக்கும் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. தாய்மார்கள் அதைப் ‘பிக்மி’ என்று வழங்குகின்றனர். கருவுற்ற பெண்ணைச் செவிலியர் இயன்றவரை முதல் மூன்று மாதங்களுக்குள் பதிவு செய்கிறார். அவளுக்கு 12 இலக்கம் கொண்ட ஓர் எண் தரப்படுகிறது. அவள் எந்த ஊருக்குச் சென்றாலும் அந்த எண் அவளுடன் செல்லும். பரிசோதனை செய்யும் ஆரம்ப சுகாதார நிலையமும், பிரசவம் பார்க்கும் மருத்துவமனையும், அது தனியார் மருத்துவமனையாக இருந்தாலும், அதே எண்ணின் கீழ்க் குறிப்பு எழுதுகின்றன.

2017ஆம் ஆண்டில் மற்றொரு படி எடுத்துவைக்கப்பட்டது. சுகாதாரத் துறையின் அந்த எண் பிறப்புப் பதிவோடு இணைக்கப்பட்டது. பிறப்புச் சான்றிதழ் பெறுவதற்கு அந்த எண் வேண்டும் என்ற முறை வந்தது. இதனால் இரண்டு ஏடுகள் முதன்முறையாக ஒன்றை ஒன்று பார்க்கத் தொடங்கின. கருவுற்றதாகப் பதிவான ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே, உரிய மாதங்கள் கழிந்தும் பிறப்புக் குறிப்பு இல்லையென்றால், என்ன நேர்ந்தது என்று கேட்க வேண்டிய கடமை எழுகிறது. பிறப்புப் பதிவாகித் தாய்க்கு முன்பதிவு இல்லையென்றால், அவள் கர்ப்ப காலம் முழுவதும் யாருடைய கண்ணிலும் படவில்லை என்று தெரிகிறது. வெற்றிடமே இங்கே பேசுகிறது.

தமிழ்நாட்டில் 2005ஆம் ஆண்டில், உயிருடன் பிறந்த 1000 குழந்தைகளுக்கு 37 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணாமல் இறந்தன. 2020ஆம் ஆண்டில் அந்த எண் 13 ஆகக் குறைந்தது. மாதிரிப் பதிவு முறையின் அறிக்கைகள் தரும் கணக்கு இது. இந்தப் பெருமை முழுவதையும் பதிவேடுகளுக்கே சூட்டுவது முறையாகாது. மருத்துவமனைப் பிரசவம், பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவுகள், பெண் கல்வி, சாலை, ஊர்தி எனக் காரணங்கள் பல. ஆயினும் உதவி எங்கே தேவை என்று காட்டாவிட்டால் மருத்துவரும் ஊர்தியும் இருந்தும் பயன் இல்லை. அதைக் காட்டும் வேலை பதிவேட்டினுடையது.

உணவுத் துறையிலும் தமிழ்நாட்டுக்குப் பழைய அனுபவம் உண்டு. 1980ஆம் ஆண்டில் உலக வங்கியின் உதவியோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்று இங்கே தொடங்கப்பட்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, அந்த எடையை ஓர் அட்டையில் புள்ளிகளாக வைத்துக் கோடிட்டனர். கோடு ஏறினால் குழந்தை வளர்கிறது, படுத்தால் கவலை, இறங்கினால் ஆபத்து. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் அந்தக் கோடு புரிந்தது. எடை ஏறாத குழந்தைக்குக் குறைந்தது 90 நாட்கள் சத்துணவு தந்தனர்; அதனாலும் தேறாத குழந்தையைச் சுகாதாரப் பணியாளரிடம் அனுப்பினர். எடை போடுபவர் ஒரு துறை, மருந்து தருபவர் மற்றொரு துறை. இருவரும் ஒரே அட்டையைப் பார்த்தனர் என்பதே அத்திட்டத்தின் சிறப்பு.

அந்தப் பழைய கருத்து அண்மையில் புதிய உருவம் பெற்றது. 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் உதகையில் தொடங்கப்பட்ட ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ என்னும் திட்டத்தில், அங்கன்வாடிப் பணியாளர்கள் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் அளந்தனர். மிகவும் மெலிந்த குழந்தைகளின் பட்டியல் சுகாதாரத் துறைக்குச் சென்றது. மருத்துவர் குழுக்கள் அக்குழந்தைகளைப் பரிசோதித்தன. வெறும் பசியால் மெலிந்த குழந்தை எது, காசநோயாலோ இதயக் குறையாலோ மெலிந்த குழந்தை எது என்று பிரித்தறிவது மருத்துவரால்தான் இயலும். முன்னதற்கு உணவு போதும். பின்னதற்கு எத்தனை உணவு தந்தாலும் போதாது. அங்கன்வாடியின் தராசு மருத்துவரின் கண்ணோடு சேர்ந்தபோதுதான் இந்த வேறுபாடு வெளிப்பட்டது.

இனிப் பள்ளிக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை ‘எமிஸ்’ என்று வழங்கும் கணினிப் பதிவேட்டை நடத்தி வருகிறது. பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் அதில் ஓர் எண் உண்டு. ஒரு மாணவன் ஒரு பள்ளியை விட்டு நீங்கினால் அவன் பெயர் பொதுத் தொகுப்பு ஒன்றுக்குச் செல்லும். வேறொரு பள்ளி அவனைச் சேர்த்துக்கொள்ளும்போது அத்தொகுப்பிலிருந்து அவன் பெயரை எடுத்துக்கொள்ளும். யாரும் எடுத்துக்கொள்ளாமல் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும் பெயர் எதை உணர்த்துகிறது? அந்தப் பிள்ளை எங்கும் படிக்கவில்லை என்பதைத்தான். அவன் செங்கற்சூளைக்குப் பெற்றோருடன் சென்றிருக்கலாம். எல்லை கடந்து கேரளத்துக்குப் பிழைக்கச் சென்ற குடும்பத்தில் இருக்கலாம். அவள் பெண்ணானால் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருக்கலாம். எது உண்மை என்று பள்ளி ஏடு சொல்லாது. தொழிலாளர் துறையும் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் ஊராட்சியும் அப்பெயரைப் பார்த்துத் தத்தம் வழியில் விசாரித்தால்தான் விடை கிடைக்கும்.

குற்றாலத்தில் ஆனி, ஆடி மாதங்களில் சாரல் காலம் வந்துவிட்டால் கூட்டம் அலைமோதும். அத்தகைய கூட்டங்களில் குழந்தைகள் பெற்றோரை விட்டுப் பிரிந்துவிடுவதும், வேலைக்கோ பிச்சைக்கோ அழைத்து வரப்பட்ட பிள்ளைகள் அகப்படுவதும் எந்தச் சுற்றுலாத் தலத்திலும் நேரக் கூடியவையே. ஆதரவற்று அகப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வகுத்த விதி. தலைவர் ஒருவரும் உறுப்பினர் நால்வரும் கொண்டது அக்குழு. இங்கும் இரு ஏடுகளின் கதையே நடைபெறுகிறது. காணாமற்போன குழந்தைகளின் பட்டியல் காவல் நிலையத்தில் இருக்கிறது; கண்டெடுக்கப்பட்ட குழந்தைகளின் பட்டியல் காப்பகத்தில் இருக்கிறது. முன்னது ஒரு மாநிலத்தில், பின்னது மற்றொரு மாநிலத்தில் இருந்தால், தாய் ஒரு பக்கம் அழுதுகொண்டிருக்க, பிள்ளை மறுபக்கம் பெயர் தெரியாமல் வளரும். இவ்விரு பட்டியல்களையும் நாடு முழுவதற்கும் பொதுவாக ஒப்பிட்டுப் பார்ப்பதற்கே நடுவண் அரசு கணினித் தளங்களை அமைத்தது.

இதுவரை சொன்னவற்றால், ஏடுகளை இணைத்துவிட்டால் எல்லாம் நலமாகிவிடும் என்று தோன்றலாம். அவ்வாறு எண்ணுவது பிழை. இலண்டனில் நடந்த ஒரு துன்ப நிகழ்ச்சி இதற்குச் சான்று. ஐவரி கோஸ்ட் நாட்டில் பிறந்த விக்டோரியா கிளிம்பியே என்னும் எட்டு வயதுச் சிறுமி, நல்ல கல்வி பெறுவாள் என்ற நம்பிக்கையில் பெற்றோரால் உறவினர் ஒருத்தியுடன் அனுப்பப்பட்டாள். இலண்டனில் அந்த உறவினரும் அவளுடைய துணைவனும் இழைத்த கொடுமையால் 2000ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அவள் இறந்தாள். அவள் யாருக்கும் தெரியாமல் இறக்கவில்லை. இரண்டு மருத்துவமனைகள், காவல் துறை, பல சமூக நல அலுவலகங்கள் ஆகியவை அவளை அறிந்திருந்தன. ஒவ்வொன்றிடமும் உண்மையின் ஒரு துண்டு இருந்தது. லார்டு லாமிங் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2003ஆம் ஆண்டு வெளியாயிற்று. அவளைக் காப்பாற்றியிருக்கக் கூடிய வாய்ப்புகள் 12 முறை கைநழுவின என்று அது கண்டது.

அந்த அறிக்கையைப் படித்த இங்கிலாந்து நாடு, 2004ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி, குழந்தைகள் அனைவருக்கும் ஒரே பதிவேடு அமைக்க முற்பட்டது. சுமார் 1 கோடியே 10 இலட்சம் குழந்தைகளின் குறிப்புகளைக் கொண்டு 2009ஆம் ஆண்டில் அது செயற்படத் தொடங்கியது. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட அலுவலர்கள் அதனைப் பார்க்கலாம் என்பது திட்டம். அத்தனை பேர் பார்க்கும் ஏட்டில் ஒவ்வொரு குழந்தையின் முகவரியும் இருப்பது பாதுகாப்பா, ஆபத்தா என்ற கேள்வி எழுந்தது. கொடுமைக்கு அஞ்சி மறைந்து வாழும் தாயும் பிள்ளையும் அந்த ஏட்டினாலேயே காட்டிக்கொடுக்கப்பட மாட்டார்களா என்று பலர் அஞ்சினர். 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் புதிய அரசாங்கம் அதனை மூடிவிட்டது.

நெதர்லாந்து நாட்டில் விளைவு இன்னும் கடுமையாயிற்று. குழந்தை வளர்ப்புக்கென்று அரசு தந்த உதவித்தொகையைப் பெற்ற பெற்றோர்களில் யார் மோசடி செய்திருக்கக் கூடும் என்று கணினி கொண்டு கணித்தனர். குடியுரிமை போன்ற குறிப்புகளும் அந்தக் கணிப்பில் இடம்பெற்றன. பல்லாயிரம் பெற்றோர்கள் தவறாகக் குற்றம் சாட்டப்பட்டு, பெற்ற தொகை முழுவதையும் திருப்பிக் கட்டும்படி நெருக்கப்பட்டனர். குடும்பங்கள் கடனில் மூழ்கின. 2021ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அந்நாட்டு அமைச்சரவையே பதவி விலக நேர்ந்தது. குழந்தைகளுக்கு உதவுவதற்காகத் திரட்டிய செய்தியே குழந்தைகளின் வீட்டைக் கலைத்த கதை இது.

இவை தொலைநாட்டுக் கதைகள் என்று ஒதுக்கிவிட இயலாது. நம் நாட்டிலும் இத்தகைய சிக்கல் உண்டு. 18 வயது நிரம்பாத பெண் கருவுற்று மருத்துவமனைக்கு வந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதனைக் காவல் துறைக்கு அறிவிக்க வேண்டும். குற்றம் செய்தவனைத் தண்டிக்க அச்சட்டம் இன்றியமையாதது. ஆனால் பெயர் காவல் நிலையத்துக்குச் சென்றுவிடும் என்ற அச்சத்தால் ஓர் இளம்பெண் மருத்துவமனைக்கே வராமல் ஒளிந்துகொண்டால், அவள் உயிருக்கு யார் பொறுப்பு? 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதனை ஆராய்ந்து, கருக்கலைப்புக்காக வரும் சிறுமி விரும்பினால், காவல் துறைக்குத் தரும் அறிக்கையில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று கூறியது. செய்தியைப் பகிர்வதிலும் அளவு உண்டு என்பதை இத்தீர்ப்பு காட்டுகிறது.

ஓர் உதாரணத்தால் இதனை இன்னும் தெளிவாக்கலாம். செவிலியர் ஒருவர் ஒரு வீட்டுக்குக் குழந்தையின் எடையைப் பார்க்கச் செல்கிறார். அங்கே பத்து வயதுப் பெண் ஒருத்தி தாய்க்கு உதவியாகப் பீடி இலை வெட்டிக்கொண்டிருக்கிறாள். இச்செய்தியைச் செவிலியர் பள்ளி ஆசிரியருக்குச் சொன்னால், அவர் தாயிடம் பேசிப் பெண்ணைப் பள்ளிக்கு வரச்செய்யலாம். தாய்க்கு உரிய கல்வி உதவித்தொகை உண்டென்று எடுத்துக்கூறலாம். எடுத்த எடுப்பில் தண்டிக்கும் நோக்கத்துடன் அலுவலர்கள் அவ்வீட்டில் நுழைந்தால் விளைவது என்ன? அடுத்த மாதம் செவிலியர் வரும்போது அந்தத் தெருவில் பத்துக் கதவுகள் அடைபட்டுவிடும். அந்தக் கதவுகளுக்குப் பின்னே எடை குறைந்த குழந்தை இருந்தாலும் இனி யாருக்கும் தெரியாது. மக்கள் நம்பிச் சொன்னால்தான் ஏட்டில் உண்மை ஏறும். நம்பிக்கை போனால் ஏடு இருக்கும், உண்மை இராது.

இதனை உணர்ந்தே நம் நாட்டுச் சட்டமும் எல்லை வகுத்திருக்கிறது. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் குடிமக்களின் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டில் தனிநபர் தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பாதுகாப்பு நாடும் குழந்தையின் பெயர், பள்ளி, படம் முதலியவற்றைச் செய்தித்தாளிலோ பிறவற்றிலோ வெளியிடுவதைத் தடைசெய்கிறது.

ஆகவே நாம் கைக்கொள்ள வேண்டிய முறை யாது? நான்கு விதிகளைக் கூறலாம். முதலாவது, பகிர்வதன் நோக்கம் முன்னரே வரையறுக்கப்பட வேண்டும். தடுப்பூசிக்காகத் தந்த செய்தி தடுப்பூசிக்கே பயன்பட வேண்டும். இரண்டாவது, வேண்டிய அளவே பகிர வேண்டும். மதிய உணவு தரும் அமைப்பாளருக்குக் குழந்தையின் எடை குறைவு என்று தெரிந்தால் போதும். தாயின் நோய் வரலாறு தெரிய வேண்டியதில்லை. மூன்றாவது, தவறு இருந்தால் திருத்திக்கொள்ளும் வழி பெற்றோருக்கு எளிதில் கிட்ட வேண்டும். எண் இல்லை, எழுத்து மாறியிருக்கிறது என்ற காரணத்தால் எந்தக் குழந்தைக்கும் சோறோ சான்றிதழோ மறுக்கப்படலாகாது. நான்காவது விதி எல்லாவற்றினும் தலையாயது. விடுபட்ட பெயர் தெரிந்தவுடன் அந்த வீட்டுக்குச் செல்ல வேண்டியவர் யார் என்று பொறுப்பு குறிக்கப்பட வேண்டும். இலண்டன் சிறுமியின் பெயர் பல ஏடுகளில் இருந்தது. அவளுக்காக இறுதிவரை நின்ற ஒருவர் இல்லை.

தென்காசி மாவட்டத்தில் இவ்விதிகளுக்குத் தனிப் பொருத்தம் உண்டு. 2019ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உருவான இம்மாவட்டத்தில் 10 ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. மேற்கே மலை, மலைக்கு அப்பால் வேறு மாநிலம். இம்மாவட்டத்தைச் சேர்ந்த செங்கோட்டைப் பகுதியே 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூர்ப் பக்கத்தில் இருந்து, மாநிலச் சீரமைப்பின்போது நம் பக்கம் வந்ததுதான். புளியரை வழியாக நாள்தோறும் மக்கள் மலையைக் கடக்கின்றனர். தமிழ்நாட்டின் ஏடு புளியரையில் முடிகிறது. கேரளத்தின் ஏடு ஆரியங்காவில் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே வேலை தேடிச் செல்லும் குடும்பத்தின் குழந்தை இருக்கிறது. இரு மாநிலங்களிலும் குழந்தை நலத்தில் அக்கறை மிகுதி. ஏடுகளும் செவ்வையாக உள்ளன. மலையைக் கடந்து அந்த ஏடுகள் பேசிக்கொள்ளுமானால், எல்லைப்புறக் குழந்தைக்கு அதைவிடப் பெரிய நன்மை வேறில்லை.

கணினியைப் பற்றி இத்தனை சொன்னாலும், அதில் ஏறும் ஒவ்வொரு குறிப்பையும் எழுதுவது ஒரு மனிதக் கையே என்பதை மறத்தலாகாது. வெயிலில் நடந்து சென்று தராசைத் தூக்கிக் கட்டி, அழும் குழந்தையை அதில் இருத்தி, முள் நிற்கும் இடத்தைப் பார்த்து எழுதும் பணியாளர் சோர்ந்து, சென்ற மாத எடையையே இந்த மாதமும் எழுதிவிட்டால், எந்தக் கணினியும் அதைக் கண்டுபிடித்துக் குழந்தையைக் காப்பாற்றாது. ஒரே செய்தியை மூன்று ஏடுகளிலும் இரண்டு கைப்பேசிச் செயலிகளிலும் அவரை எழுதச்செய்வது அவர் காலத்தையும் குழந்தையின் காலத்தையும் வீணாக்குவதாகும். ஒருமுறை எழுதியது உரிய இடங்களுக்குத் தானே செல்ல வேண்டும். ஏடுகளை இணைப்பதன் பயன் பணியாளருக்கும் கிட்ட வேண்டும்; அப்போதுதான் எழுதுவது உண்மையாக இருக்கும்.

தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னொரு காலத்தில் அக்கோயிலில் பழுது நேர்ந்தால் அதனைச் சீர்செய்து காப்பவர்களின் அடிபணிவதாகக் கல்லிலே எழுதிவைத்தான். அவன் வணங்கியவர்களை அவன் பார்த்ததில்லை. தனக்குப் பின் வருபவர் ஒருவர் படித்துக் கடமையைச் செய்வார் என்ற நம்பிக்கையே அந்தக் கல்வெட்டு. குழந்தையின் பெயருக்கு எதிரே ஒரு செவிலியர் எழுதும் குறிப்பும் அத்தகையதே. அவர் நாளை வேறு ஊருக்கு மாற்றலாகிச் செல்வார். தாய் வேறு தெருவுக்குக் குடிபோவாள். அடுத்து வருபவர், முன்பின் அறியாதவர், அதைப் படித்துக் குழந்தையைத் தேடிச் செல்வார் என்ற நம்பிக்கையிலேயே அது எழுதப்படுகிறது.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை செவிலியராகவும் ஆசிரியராகவும் பதிவாளராகவும் பணியாற்றுவீர்கள். சிலர் இந்த ஏடுகளை இணைக்கும் கணினிகளை இயக்குவீர்கள். சிலர் சட்டம் பயின்று, எந்தச் செய்தியை யார் பார்க்கலாம் என்று வாதாடுவீர்கள். எந்தப் பணியில் இருந்தாலும், ஏட்டில் உள்ள பெயர்களை எண்ணி மனநிறைவு கொள்வதோடு நின்றுவிடாதீர்கள். அதில் இல்லாத பெயர் எது என்று கேளுங்கள். அந்தப் பெயருக்கு உரிய குழந்தை எந்த வீட்டில் இருக்கிறது என்று கேளுங்கள். விடை கிடைத்ததும் அந்த வீட்டின் கதவைப் பரிவோடு தட்டுங்கள்.